‘தேடிக்கொண்டான்’ அல்ல, ‘தேடிக்கொண்டேன்’

மனிதர் தமக்கு நேர்ந்த துன்பத்தைக் கூறும்போது ஒரு வினைச்சொல்லையும், பிறருக்கு நேர்ந்த துன்பத்தைக் கூறும்போது வேறொரு வினைச்சொல்லையும் கையாளுகின்றனர். தம் இல்லத்தில் கடன் பெருகினால், “கஷ்டம் வந்துவிட்டது” என்பர். அடுத்த இல்லத்தில் கடன் பெருகினால், “அவர் தேடிக்கொண்டார்” என்பர். தம் உடல் நலிந்தால் “நோய் வந்தது”. அயலார் உடல் நலிந்தால் “உடம்பைக் கெடுத்துக்கொண்டார்”. தம் நட்பு முறிந்தால் “அவர் விலகிப் போய்விட்டார்”. பிறர் நட்பு முறிந்தால் “பகையைச் சம்பாதித்துக்கொண்டார்”.

நிகழ்ச்சி ஒன்றே. வினைச்சொல் மட்டும் இடத்திற்கேற்ப மாறுகிறது. முதல் வாக்கியத்தில் எழுவாய் துன்பம்; மனிதன் வெறுமனே இருந்தான், அது அவனை நோக்கி வந்தது. இரண்டாம் வாக்கியத்தில் எழுவாய் மனிதன். அவனே துன்பத்தை நோக்கிச் சென்றான். இந்தச் சிறிய இலக்கண மாற்றத்தில் பெரியதொரு ஆன்மிக உண்மை மறைந்து கிடக்கிறது. கர்மம் பற்றிய சாஸ்திரத்தின் போதனை முழுவதும் ஒருவகையில் இந்த ஒரு வினைச்சொல்லைச் சரியாக வழங்கக் கற்பதே ஆகும். அதை எங்கே வழங்குவது, எங்கே வழங்கக் கூடாது என்பதைச் சாதகர் ஆராய்ந்து தெளிய வேண்டும்.

தமிழில் ‘கொள்’

தமிழ் மொழியில் ‘கொள்’ என்பது தனி வினையாக நிற்கும்போது பெறுதல், ஏற்றல் என்னும் பொருள் தரும். அதுவே வேறொரு வினையின் பின்னே துணைவினையாக வரும்போது, செயலின் விளைவு செய்தவனையே வந்து சேர்வதைக் காட்டுகிறது. ‘வெட்டினான்’ என்றால் வெட்டுப்பட்டது மரமாக இருக்கலாம். ‘வெட்டிக்கொண்டான்’ என்றால் வெட்டுப்பட்டது அவன் விரல்.

விரலை வெட்டிக்கொண்டவன் அதை விரும்பிச் செய்தானா? இல்லை. காய் நறுக்கத்தான் கத்தியை எடுத்தான். ஆயினும் மொழி அவனையே எழுவாயாக நிறுத்துகிறது. ‘தேடிக்கொண்டான்’ என்பதிலும் இதே நுட்பம் உள்ளது. துன்பத்தை எவரும் தேடுவதில்லை, இன்பத்தையே தேடுகின்றனர். தேடிய வழியின் முடிவில் துன்பம் இருந்தது. ஆகவே, விரும்பாதிருந்தும் தேடியவன் அவனே என்று மொழி தீர்ப்பளிக்கிறது. நோக்கம் வேறு, பொறுப்பு வேறு என்ற தெளிவு இச்சொல்லிலேயே அமைந்திருக்கிறது.

வழக்கிலுள்ள பழமொழிகளும் இதனையே சொல்கின்றன. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன், அது பிறாண்டுகிறதே என்று அழுதானாம். ஓணான் தன் வழியே போய்க்கொண்டிருந்தது; மடியில் இடம் கொடுத்தவன் அவனே. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறது என்பதும், வினையை விலைக்கு வாங்குவது என்பதும் இதன் வேறு வடிவங்கள். விலைக்கு வாங்குவது என்ற தொடர் சிந்திக்கத் தக்கது. துன்பம் இலவசமாகக்கூட வரவில்லை. காலமும் பொருளும் உழைப்பும் செலவிட்டு அதைப் பெற்றோம் என்பது அதன் பொருள்.

இதே ‘கொள்’ நன்மையின் பக்கமும் நிற்கிறது என்பதை மறக்கலாகாது. “பாவத்தைக் கட்டிக்கொள்ளாதே” என்று எச்சரிக்கும் பாட்டி, அடுத்த மூச்சில் “ஒரு வாய் சோறு போட்டுப் புண்ணியம் கட்டிக்கொள்” என்கிறாள். பாவத்திற்கும் புண்ணியத்திற்கும் அவள் வாயில் வினைச்சொல் ஒன்றே. இரண்டும் ஒரே கையால் கட்டப்படும் மூட்டைகள்.

பாணினி வகுத்த இரு பதங்கள்

வடமொழி இலக்கணமும் இதே உண்மையைத் தன் அடித்தளத்தில் வைத்திருக்கிறது. அம்மொழியின் வினைகள் பரஸ்மைபதம், ஆத்மநேபதம் என இருவகை விகுதிகளைப் பெறும். முதலாவதற்குப் ‘பிறர்பொருட்டான சொல்’ என்றும், இரண்டாவதற்குத் ‘தன்பொருட்டான சொல்’ என்றும் பொருள். சில வினைகளுக்கு ஒரு வகை மட்டுமே உண்டு. இருவகையும் ஏற்கும் வினைகளுக்குப் பாணினி முனிவர் ‘அஷ்டாத்யாயி’யில் ஒரு விதி வகுக்கிறார். செயலின் பலன் செய்பவனையே சேருமாயின் ஆத்மநேபதத்தை வழங்க வேண்டும் என்பது அவ்விதி.

இதற்கு மரபில் காட்டப்படும் உதாரணம் வேள்வி. வேள்வியை நடத்திவைக்கும் புரோகிதரைக் குறிக்கும்போது ‘யஜதி’ என்பர், பலன் அவருக்கன்று. வேள்வியின் பலனைப் பெறவிருக்கும் எஜமானனைக் குறிக்கும்போது ‘யஜதே’ என்பர். பிறருக்காகச் சமைப்பவனைப் ‘பசதி’ என்றும், தனக்காகச் சமைப்பவனைப் ‘பசதே’ என்றும் கூறுவர். ஒரே அடுப்பு, ஒரே பானை, ஒரே சோறு. விகுதி மட்டும் வேறு. பலன் யாருக்கு என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் அம்மொழியில் இவ்வினைகளை உச்சரிக்கவே இயலாது.

‘புஜ்’ என்னும் வினைப்பகுதி இன்னும் வியப்பளிக்கிறது. அது பரஸ்மைபதத்தில் வரும்போது ‘காத்தல்’ என்ற பொருளைத் தரும்; மன்னன் நிலத்தைக் காக்கிறான். ஆத்மநேபதத்தில் வரும்போது ‘உண்ணுதல், அனுபவித்தல்’ என்ற பொருளைத் தரும். பிறர் பக்கம் திரும்பினால் காவல். தன் பக்கம் திரும்பினால் போகம். இதையும் பாணினி தனி விதியாகவே கூறியுள்ளார்.

இப்பின்னணியில் கீதையின் மூன்றாம் அத்தியாயம் பதின்மூன்றாம் சுலோகத்தைப் படிப்பவர்க்கு அதன் கூர்மை விளங்கும். வேள்வியில் எஞ்சியதை உண்போர் எல்லாக் குற்றங்களினின்றும் விடுபடுகின்றனர். தமக்காக மட்டுமே சமைப்போர் பாவத்தையே உண்கின்றனர் என்பது அதன் கருத்து. பாவம் எங்கிருந்தோ வந்து அவர்களைத் தாக்குவதாகப் பகவான் கூறவில்லை. அவர்களே சமைத்து, அவர்களே இலையில் இட்டு, அவர்களே உண்கின்றனர். விளைவைத் தானே வருவித்துக்கொள்வதற்கு இதைவிடத் தெளிவான உவமை கிடைப்பது அரிது.

அர்ஜுனனின் வினையும் கண்ணனின் வினையும்

குருக்ஷேத்திரத்தில் தேர்த்தட்டில் நின்ற அர்ஜுனன், இவர்களைக் கொன்றால் பாவமே எங்களை வந்து பற்றும் என்கிறான் (1.36). அவன் கையாளும் வினை ‘ஆச்ரயேத்’. ஆசிரயித்தல் என்றால் அடைக்கலம் புகுதல். பாவம் அவ்வாக்கியத்தின் எழுவாய். அர்ஜுனனும் அவன் சகோதரர்களும் செயப்படுபொருள். வீடின்றி அலையும் ஒன்று, இடம் தேடி வந்து இவர்களிடம் தங்கிவிடும் என்பது போன்ற பேச்சு அது.

அந்த அத்தியாயத்தின் முடிவில் அவன் சற்று முன்னேறுகிறான். பெரும் பாவத்தைச் செய்யத் துணிந்தோமே என்று வருந்தும்போது (1.45), அரசின்ப ஆசையே காரணம் என்றும் ஒப்புக்கொள்கிறான். உண்மையின் வாயில்வரை அவன் வந்துவிட்டான். எனினும் பழைய வழக்கம் விடவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் மீண்டும் கேட்கிறான்: விரும்பாதவனையும் வலிந்து தள்ளுவதுபோல் மனிதனைப் பாவம் செய்யத் தூண்டுவது எது? (3.36). தள்ளியவன் வேறொருவன் இருக்க வேண்டும் என்ற ஏக்கம் அக்கேள்வியில் தொனிக்கிறது.

பகவான் வேறொரு வினைச்சொல்லைத் தேர்கிறார். அறப்போரைச் செய்யாது விட்டால், உன் தர்மத்தையும் புகழையும் இழந்து பாவத்தை ‘அவாப்ஸ்யஸி’ என்கிறார் (2.33). ‘நீ அடைவாய்’ என்பது அதன் பொருள். எழுவாய் மாறிவிட்டது. பாவம் வந்து பற்றாது; நீ சென்று அடைவாய். தூண்டுவது எது என்ற கேள்விக்கும் அவர் வெளியே எவரையும் சுட்டவில்லை. ஆசையும் கோபமுமே பகைவர் என்று உள்ளே காட்டுகிறார் (3.37). ஐந்தாம் அத்தியாயத்தில், இறைவன் எவருடைய பாவத்தையும் புண்ணியத்தையும் ஏற்பதில்லை என்று கூறி (5.15), கணக்கை வேறொருவர் பெயரில் எழுதும் கடைசி வழியையும் அடைத்துவிடுகிறார்.

அர்ஜுனனின் வாக்கியத்திற்கும் கண்ணனின் வாக்கியத்திற்கும் இடையே உள்ள தூரமே ஆன்மிகப் பயணத்தின் தூரம் எனலாம். ‘பாவம் என்னைப் பற்றியது’ என்பவனுக்குச் செய்ய ஏதுமில்லை, அழுவதொன்றே வழி. ‘பாவத்தை நான் அடைந்தேன்’ என்பவனுக்கு வழி உண்டு. நடந்து சென்று அடைந்த இடத்திலிருந்து நடந்து திரும்பவும் முடியும்.

ஒரே வினை, இரு பலன்கள்

‘அவாப்ஸ்யஸி’ என்பதன் வினைப்பகுதி ‘ஆப்’. எட்டுதல், அடைதல் என்பது அதன் பொருள். அதனுடன் ‘அவ’ என்னும் முன்னொட்டுச் சேர்ந்தது. இதே வடிவம் கீதையில் எங்கெங்கே வருகிறது என்று பார்த்தால், பகவானின் கருணை வெளிப்படுகிறது.

இரண்டாம் அத்தியாயம் 33ஆம் சுலோகத்தில் ‘பாவத்தை அடைவாய்’ என்று எச்சரிக்கிறார். ஐந்து சுலோகங்கள் கழித்து, 38ஆம் சுலோகத்தில், இன்ப துன்பங்களையும் இலாப நஷ்டங்களையும் வெற்றி தோல்விகளையும் சமமாகக் கொண்டு போரிடு. ‘பாவத்தை அடைய மாட்டாய்’ என்று அதே வினையால் அபயம் அளிக்கிறார். 53ஆம் சுலோகத்தில் புத்தி அசைவற்று நிலைபெறும்போது ‘யோகத்தை அடைவாய்’ என்கிறார். பன்னிரண்டாம் அத்தியாயம் 10ஆம் சுலோகத்தில், தம்பொருட்டுச் செயல் புரிபவன் ‘சித்தியை அடைவாய்’ என்று வாக்களிக்கப்படுகிறான். மூன்றாம் அத்தியாயம் 11ஆம் சுலோகத்தில், ஒருவரையொருவர் போற்றி ‘மேலான நன்மையை அடைவீர்கள்’ என்பதும் இவ்வினையே.

பாட்டியின் ‘கட்டிக்கொள்’ போன்றதே பகவானின் ‘அவாப்ஸ்யஸி’. பாவத்தை அடையும் ஆற்றல் எதுவோ, யோகத்தை அடையும் ஆற்றலும் அதுவே. தீமையில் பொறுப்பை மறுப்பவன், அறியாமலே நன்மையில் தன் திறனையும் மறுத்துவிடுகிறான். “என்னால் வந்ததன்று” என்று கூறித் தப்பியவன், “என்னால் ஆகக்கூடியது ஏதுமில்லை” என்ற சிறையில் போய் அடைபடுகிறான்.

38ஆம் சுலோகம் மற்றொரு நுட்பத்தையும் உணர்த்துகிறது. 33இல் பாவம் எனப்பட்டது கடமையைக் கைவிடுதல். 38இல் பாவம் சேராத வழி எனப்பட்டது சமநிலையோடு கடமையைச் செய்தல். எனவே விளைவைத் தேடித்தருவது கை அசைந்ததா இல்லையா என்பது மட்டுமன்று. வாளாவிருந்தும் பாவத்தை அடையலாம். செயலில் மூழ்கியிருந்தும் அடையாதிருக்கலாம். பற்றைத் துறந்து, பிரம்மத்தில் அர்ப்பணித்துச் செய்பவன் தாமரை இலைத் தண்ணீர்போல ஒட்டாதிருக்கிறான் (5.10). செயலைத் தன் பக்கம் இழுக்கும் ஆசையே பலனையும் தன் பக்கம் இழுத்துவருகிறது.

இவ்வினையைப் பகவான் தம்மைக் குறித்தும் ஒருமுறை கையாளுகிறார். மூவுலகிலும் தமக்கு அடையப்படாததோ அடையவேண்டியதோ ஏதுமில்லை, ஆயினும் செயலில் ஈடுபடுகிறேன் என்கிறார் (3.22). ‘அடைதல்’ என்னும் வினை முற்றிலும் ஓய்ந்த நிலை அது. தனக்கென எதையும் தேடிக்கொள்ளாத செயலுக்கு அவரே சான்று.

பிராப்தமும் பிராரப்தமும்

‘ஆப்’ என்னும் இப்பகுதியிலிருந்து பிறந்த சொல் ஒன்று தமிழ் இல்லங்களில் நாள்தோறும் புழங்குகிறது. அது ‘பிராப்தம்’. “காசி யாத்திரைக்கு எனக்குப் பிராப்தம் இல்லை”, “பிராப்தம் இருந்தால் கிடைக்கும்” என்று கூறுவர். அடையப்பட்டது என்பதே இச்சொல்லின் நேர்ப்பொருள். அடைந்தவன் ஒருவன் இருந்தால்தான் அடையப்பட்டது என்று ஒன்று இருக்க முடியும். வழக்கில் அது தேய்ந்து, விதி என்ற பொருளில் நிற்கிறது. அடைந்தவன் மறைந்துபோய், விதிக்கப்பட்டது மட்டும் எஞ்சிற்று. வீதியில் வழங்கும் ஒரு சொல்லின் பொருள் மாற்றத்திலேயே மனித மனத்தின் இயல்பு தெரிகிறது.

இதனோடு ஒலியால் நெருங்கிய ‘பிராரப்தம்’ என்னும் சொல்லைப் பலர் இதுவென்றே மயங்குகின்றனர். அது வேறு பகுதியிலிருந்து வந்தது. ஆரம்பம் என்ற சொல்லுக்கு மூலமான ‘ரப்’ என்பதே அதன் பகுதி. பிராரப்தம் என்றால் தொடங்கிவிட்டது என்று பொருள். பலனளிக்கத் தொடங்கிவிட்ட கர்மம். வேதாந்த மரபு கர்மத்தை மூவகையாகப் பிரித்து, அம்புகளை உவமையாகக் கூறும். தூணியில் கிடக்கும் அம்புகள் சஞ்சிதம். வில்லிலிருந்து விடுபட்ட அம்பு பிராரப்தம். இனி எய்வதற்காகக் கையில் இருக்கும் அம்பு ஆகாமி. விடுபட்ட அம்பைத் திரும்ப அழைக்க இயலாது. ஆனால் கையிலிருக்கும் அம்பை எய்வதும் எய்யாதிருப்பதும் கைக்குரியவனின் உரிமை.

‘என் பிராரப்தம்’ என்பதைச் சோம்பலின் மந்திரமாக்கிக்கொள்வோர் மூன்றில் ஒன்றை மட்டுமே கண்டு மற்ற இரண்டை மறந்தவர்கள். விடுபட்ட அம்பும் எவருடைய வில்லிலிருந்து சென்றது என்ற கேள்வி அச்சொல்லிலேயே இருக்கிறது. திருவள்ளுவர் ‘ஊழ்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தவர். ‘ஆள்வினையுடைமை’ என்று முயற்சிக்கும் ஓர் அதிகாரம் வகுத்தவர். ஒன்றைக் கூறி மற்றதை விட்டுவிடுவது முறையாகாது என்பதை அந்நூலின் அமைப்பே உணர்த்துகிறது.

இரு மன்னர்கள்

இவ்வினையைத் தன்மை இடத்தில் வைத்துச் சொன்ன மன்னன் ஒருவன். இறுதிவரை சொல்ல மறுத்த மன்னன் மற்றொருவன்.

இராமன் காடேகிய ஆறாம் நாள் இரவில் தசரதன் கௌசல்யையிடம் பேசியதை வால்மீகி முனிவர் விவரிக்கிறார். கைகேயியின் வரம், மந்தரையின் சொல், காலத்தின் கோலம் எனப் பழி சுமத்த அவனுக்குப் பலர் இருந்தனர். கௌசல்யையிடம் பேசத் தொடங்கியபோது அவன் நினைவு அவர்களிடம் செல்லவில்லை. இளமையில், ஒலியைக் கொண்டே குறிபார்த்து எய்யும் தன் திறமையில் செருக்குற்று, இருளில் சரயு நதிக்கரையில் குடத்தில் நீர் நிரம்பும் ஓசையை யானை என்றெண்ணி எய்த அம்பிடம் சென்றது. அந்த அம்பு கண்ணற்ற பெற்றோரின் ஒரே மகனைக் கொன்றது. மகனைப் பிரிந்து நீயும் இறப்பாய் என்று அந்தத் தந்தை விடுத்த சாபத்தைத் தசரதன் தன் வாயாலேயே கூறுகிறான். நல்லதோ தீயதோ, செய்தவனே அதை அடைகிறான் என்று தொடங்கித் தன்னையே அதற்குச் சான்றாக வைக்கிறான். அவன் யானையைத்தான் கொல்ல நினைத்தான். ‘வெட்டிக்கொண்டவன்’ கதைதான் அதுவும். நோக்கம் வேறாயினும் வில் தன்னுடையது என்று அவன் ஒப்புக்கொண்டான். அந்த இரவிலேயே அவன் உயிர் பிரிந்தது; துயரம் குறையவில்லை. ஆனால் அந்த வினையின் பொறுப்பை அவன் தன்மேலேயே ஏற்றுக்கொண்டான்.

திருதராட்டிரன் வேறு விதம். சூதாட்டத்தின்போது, வென்றாயிற்றா, வென்றாயிற்றா என்று மகிழ்ச்சியை மறைக்க இயலாமல் கேட்டவன் அவன். விதுரர் எச்சரித்தபோது செவி சாய்க்காதவன். போர்க்களத்தில் புதல்வர் ஒவ்வொருவராக வீழ்ந்த செய்தி வரும்போதெல்லாம், விதியே வலிது என்று புலம்பினான். போர்ச் செய்தியை உரைக்கும் சஞ்சயன் அதை ஏற்பதில்லை. இத்துயரத்தை மன்னன் தன் சொந்தக் குற்றத்தாலேயே அடைந்தான் என்று பலமுறை நேராகவே கூறுகிறான். சஞ்சயன் வழங்கிய வினை ‘அடைந்தாய்’. மன்னன் வழங்கிய வினை ‘வந்தது’. பதினெட்டு நாட்கள் நிகழ்ந்த அப்போரில் இவ்விரு வினைகளின் போரும் உடன் நடந்தது எனலாம்.

படர்க்கையில் நேரும் தவறு

இதுவரை கூறியதைக் கேட்டவர் ஒருவர், “அப்படியானால் துன்புறுவோர் அனைவரும் தாமே தேடிக்கொண்டவர்கள்தானே, இரங்க வேண்டியது என்ன?” என்று முடிவு செய்தால், நல்ல மருந்தை நஞ்சாக்கியவர் ஆவார்.

1897ஆம் ஆண்டு, மேலைநாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் கல்கத்தாவின் பாக்பஜாரில் ஓர் அன்பரின் இல்லத்தில் இருந்தபோது, பசுப் பாதுகாப்புச் சபையின் பிரசாரகர் ஒருவர் அவரைக் காண வந்தார். இந்நிகழ்ச்சியைச் சீடர் சரத்சந்திர சக்கரவர்த்தி குறித்து வைத்துள்ளார். மத்திய இந்தியாவில் கடும் பஞ்சம் நிலவிய காலம் அது. பஞ்சத்தில் மடிவோருக்கு உங்கள் சபை என்ன உதவி செய்தது என்று சுவாமிஜி கேட்டார். பஞ்சத்திற்கு உதவுவது சபையின் பணியன்று என்றும், மக்கள் தம் கர்மத்தாலும் பாவத்தாலும் பஞ்சத்தை அடைந்தனர் என்றும் பிரசாரகர் விடையளித்தார். சுவாமிஜியின் முகம் சிவந்தது. அப்படியானால் பசுக்களும் தத்தம் கர்மத்தாலேயே கசாப்புக்காரனை அடைகின்றன. அவற்றுக்காகவும் எவரும் எதுவும் செய்ய வேண்டியதில்லையே என்று அவர் மறுத்துரைத்தார். வந்தவர் திகைத்தார்.

மனிதன் தன் விதியைத் தானே ஆக்கிக்கொள்கிறான் என்று உலகெங்கும் முழங்கியவர் சுவாமிஜி. கர்ம நியதியை அவர் மறுக்கவில்லை. பசித்தவன் முன் அந்த நியதியை நீட்டியதையே மறுத்தார். அதே ஆண்டு மே மாதம் அவருடைய சகோதரத் துறவியாகிய சுவாமி அகண்டானந்தர் முர்ஷிதாபாத் மாவட்டத்தின் மஹுலாவில் பஞ்ச நிவாரணப் பணியைத் தொடங்கினார். பசித்தவரின் கர்மக் கணக்கை அங்கே எவரும் கேட்கவில்லை, அரிசியே அளக்கப்பட்டது.

மகாபாரதமும் இந்த எச்சரிக்கையைத் தருகிறது. ஆதி பர்வத்தில் மாண்டவியர் என்னும் முனிவரின் வரலாறு உள்ளது. திருடர்கள் தம் ஆசிரமத்தில் மறைந்த காரணத்தால் குற்றமற்ற அவர் கழுவேற்றப்பட்டார். பின்னர் அவர் தருமதேவனிடம் சென்று, எந்தச் செயலால் இதை அடைந்தேன் என்று கேட்டார். சிறுவயதில் பூச்சிகளைப் புல்லால் குத்தியதன் பலன் என்றான் தருமன். அறியாப் பருவத்துச் சிறு பிழைக்கு இத்துணைக் கொடிய தண்டனையா என்று முனிவர் சீறினார். பதினான்கு வயதுவரை செய்யப்படுவது பாவமாகாது என்று புதிய எல்லையை வகுத்தார். தருமனையும் மண்ணில் பிறக்குமாறு சபித்தார். அவனே விதுரராகப் பிறந்தான்.

கர்மக் கணக்கை எழுதும் தருமனே அதை வழங்குவதில் பிழை செய்யக் கூடுமென்று காவியம் துணிந்து கூறுகிறது. அவ்வாறிருக்க, அடுத்த வீட்டாரின் கணக்கைப் படிக்க மனிதருக்கு என்ன தகுதி உண்டு? கர்மத்தின் போக்கு அறிதற்கரிது என்று பகவானே கூறியுள்ளார் (4.17). பிறவியிலேயே ஊனமுற்ற குழந்தையின் தாயிடம், கணவன் கையால் அடியுண்டு வந்தவளிடம், கூலி மறுக்கப்பட்ட உழைப்பாளியிடம் ‘நீ தேடிக்கொண்டது’ என்று கூறுபவர், வலித்த இடத்தில் மீண்டும் அடிக்கிறார். கொடுமை செய்தவனின் வினையை எடுத்துக் கொடுமைக்குள்ளானவரின் பெயரில் எழுதுகிறார். அந்தப் பேச்சால் பாவம் ஒன்று தேடிக்கொள்ளப்படுகிறது என்பது உண்மை, தேடிக்கொள்பவர் பேசியவரே.

ஆதலால் இவ்வினைக்கு மூவிடங்களிலும் ஒரே தகுதி இல்லை. தன்மையில் அது ஞானம்: ‘தேடிக்கொண்டேன்’. முன்னிலையில் அது, குருவும் பெற்றோரும் உற்ற நண்பரும் அன்போடு, காலம் அறிந்து, பெரும்பாலும் முன்னெச்சரிக்கையாகக் கூறத்தக்கது: ‘தேடிக்கொள்ளாதே’. பகவானும் அர்ஜுனனிடம் ‘அடைந்தாய்’ என்று கூறவில்லை. ‘அடைவாய்’ என்றே கூறினார். அம்பு இன்னும் கையில் இருந்தது. படர்க்கையில், ‘தேடிக்கொண்டான்’ என்று பிறரைக் குறித்துக் கூறும்போது, அது பெரும்பாலும் இரக்கத்தைத் தவிர்க்கும் சாக்கு மட்டுமே.

சாதகருக்கு

நாள்தோறும் இரவில், உறங்கச் செல்லுமுன், அன்று மனத்தை வருத்திய ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளலாம். முதலில் அதை ‘வந்தது’ என்னும் வினையால் ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். “அலுவலகத்தில் அவமானம் வந்தது.” பின்னர் அதையே ‘கொண்டேன்’ என்னும் வினையால் எழுத முயல வேண்டும். “முதல் நாள் முடிக்க வேண்டியதை ஒத்திப்போட்டு, கேட்டபோது வீண் வாதம் செய்து, அவமானத்தைத் தேடிக்கொண்டேன்.” இரண்டாம் வாக்கியம் எந்த அளவுக்கு உண்மையோ அந்த அளவுக்கு மட்டும் ஏற்க வேண்டும். உண்மையில் பிறர் இழைத்த அநீதியானால், முதல் வாக்கியத்தையே நிறுத்தி, அதை எதிர்க்க வேண்டிய கடமையைச் சிந்திக்க வேண்டும். இல்லாத குற்றத்தைத் தன்மேல் ஏற்றிக்கொள்வதும் ஒருவகைப் பொய்யே. ஆன்மிகம் பொய்யின்மேல் நிற்காது.

அடுத்து, அன்று பிறரைப் பற்றி ‘தேடிக்கொண்டான்’ என்று நினைத்ததோ பேசியதோ உண்டா என்று பார்க்க வேண்டும். இருந்தால், அவ்விடத்தில் ‘என்ன செய்யலாம்?’ என்னும் கேள்வியை வைக்க வேண்டும். சில வாரங்களில் முதல் பயிற்சி மனத்தின் புலம்பலைக் குறைக்கும். இரண்டாவது அதன் கடினத்தைக் கரைக்கும். ஒன்றின்றி மற்றது செய்யப்பட்டால், முதலாவது தன்னைத்தானே வாட்டுவதாகவும், இரண்டாவது வெறும் அனுதாபமாகவும் முடியக்கூடும்.

தமிழில் ‘திருந்தினான்’ என்ற சொல் உண்டு. ‘திருத்தினான்’ என்ற சொல்லும் உண்டு. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. இரண்டுக்கும் இடையே அழகிய மூன்றாம் சொல் ஒன்றும் உண்டு: ‘திருத்திக்கொண்டான்’. கெடுத்துக்கொண்டதில் நின்ற அதே ‘கொள்’ இங்கே திருத்தத்தில் நிற்கிறது. தன்னைத் தானே உயர்த்திக்கொள்ள வேண்டும்; தனக்குத் தானே நண்பன், தனக்குத் தானே பகைவன் என்று பகவான் ஆறாம் அத்தியாயத்தில் (6.5) உபதேசிப்பதும் இதனையே. ‘தேடிக்கொண்டேன்’ என்று தலைகுனிந்து சொல்ல முடிந்தவனே ‘திருத்திக்கொள்கிறேன்’ என்று தலைநிமிர்ந்து சொல்ல உரிமை பெறுகிறான்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. அர்ஜுனன் 1.36இல் கையாளும் வினைக்கும் பகவான் 2.33இல் கையாளும் வினைக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. 2.33, 2.38, 2.53, 12.10 ஆகிய நான்கு சுலோகங்களிலும் ஒரே வினைச்சொல் வருவதால் பெறப்படும் உண்மை என்ன?

3. பிராப்தம், பிராரப்தம் ஆகிய இரு சொற்களின் பொருளை வேறுபடுத்திக் காட்டுக. அன்றாடப் பேச்சில் இவை எவ்வாறு வழங்குகின்றன?

4. தசரதனின் அறிக்கையும் திருதராட்டிரனின் புலம்பலும் எவ்வகையில் வேறுபடுகின்றன?

5. கர்ம நியதியை ஏற்றுக்கொண்ட சுவாமி விவேகானந்தர், பிரசாரகரின் விடையை ஏன் மறுத்தார்? சத்சங்க அன்பர்கள் தத்தம் ஊரில் இன்று எவரைக் குறித்தேனும் அதே விடையைக் கூறி வருகின்றனரா?